சாமி சுருட்டைக் குடித்து முடிக்கும் வரை

வாசகரே, நீதிமன்றத்தில் சாட்சிக்கு ஒரு கூண்டு உண்டு. இந்தக் கட்டுரையில் அது கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாகவே அமருங்கள். நீங்கள் நினைவில் நிறுத்த வேண்டியவை இரண்டே செய்திகள். நான் வாங்கி வந்தது தரமான சுருட்டு; அதை வாங்கிய விலையோ மிகவும் மலிவு. எந்த ஊரிலும் இவ்விரண்டும் ஒருவனுடைய திறமைக்குச் சான்றாக நிற்கும். எங்கள் உறவில் மட்டும் இவற்றை இன்றளவும் என்மீதான குற்றச்சாட்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவேதான் வெளியாள் ஒருவரின் சாட்சியம் எனக்குத் தேவைப்படுகிறது.

போன வாரம் நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மஸ்கட்டிலிருந்து யாரோ அவருக்குச் சுருட்டு ஒன்றை அன்பளிப்பாகத் தந்திருந்தார்கள். கண்ணாடிக் குழாய்க்குள், பரிசோதனைக் கூடத்துப் பொருளைப் போல அது மேசைமேல் கிடந்தது. நண்பருக்குப் புகைப்பழக்கம் இல்லை. எனக்கும் இல்லை. இருந்தாலும் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனேன். உலர்ந்த திராட்சை, ஈரச் சாக்கு, அடியில் லேசாக, மோகனூர்ச் சாலையில் சர்க்கரை ஆலைப் பக்கம் வீசுமே கரும்புப் பாகின் மணம், அது. "என்னங்க, கண்ணை மூடிட்டீங்க?" என்றார் நண்பர். கண்ணை மூடியது மணத்தால் அன்று. அந்த மணத்தின் பின்னால், ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டியின் ஹாரன் கேட்டதால்.

அந்த நாள்களில் நான் கல்லூரி இறுதியாண்டு மாணவன். மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி எங்கே நடந்தாலும் கோப்பையை எடுத்து வைக்கும்போதே அமைப்பாளர்கள் என் பெயரை எழுதிவிடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம். மூச்சைப் பிடித்து நீண்ட தொடர்களைப் பேசுவதற்காக, பக்கத்துக் கோழிப்பண்ணைக்குள் நின்று பயிற்சி எடுப்பேன். கூண்டுக்குள் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான தலைகள். ஒரு தலைகூட எழுந்து வெளியே போகாது. எந்த மேடைக்கும் வாய்க்காத அவை அது. பண்ணைக்காரர்தான் ஒருநாள் என் தந்தையிடம் வந்து, "தம்பி பேச ஆரம்பிச்சதுல இருந்து முட்டை கொறஞ்சு போச்சுங்க" என்று முறையிட்டார். தீவனத்தை மாற்றிப் பார்க்கும்படி நான் அவருக்கு எடுத்துரைத்தேன். அந்த எடுத்துரைப்பும் பண்ணைக்குள்ளேயே நிகழ்ந்ததால், விஷயம் முற்றி, எனக்கு அங்கே அனுமதி மறுக்கப்பட்டது.

என் தாயின் தம்பி சின்னராசு மாமா. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் ஆண்டுக்கணக்காகத் துளை போடும் வேலை பார்த்தவர். பாதி இந்தியாவின் பாறையைத் தெரியும் அவருக்கு. சொந்தப் படுக்கையில் தூங்கியது எப்போது என்றுதான் தெரியாது. பிறருடைய வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துப் படுத்து, கடைசியில் தமக்கென்று ஒரு ரிக் வண்டி வாங்கினார். நெற்றியில் மகளின் பெயர், பக்கவாட்டில் பாயும் குதிரை. முதல் வேலை ஆந்திரத்தில் காத்திருந்தது. வேலை பிடித்துக் கொடுத்த ஏஜெண்டு கறாராகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை காலையில் வண்டி அங்கே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் மாமாவின் பழைய முதலாளியுடைய வண்டி பக்கத்து மாவட்டத்திலேயே சும்மா நிற்கிறது, வேலை அந்த வண்டிக்குப் போய்விடும். 'தனியா நின்னு பாருடா, ஒரே மாசத்துல திரும்பி என்ற வண்டிக்கே வருவே' என்று அந்த முதலாளி நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தார். மாமா அதை ஒரு தரம்கூட எங்களிடம் திருப்பிச் சொன்னதில்லை. அத்தைதான் ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் புதுவண்டி எதுவும் எருமப்பட்டிச் சாலையோரத்து முனியப்பனைக் கேட்காமல் மாநில எல்லையைத் தாண்டாது. கிடா உண்டு, பொங்கல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுருட்டு உண்டு. பூசாரி சுருட்டைப் பற்றவைத்து, சாமியின் மீசைக்குக் கீழே அதற்கென்றே விட்டிருக்கும் துளையில் சொருகுவார். சாமி அதைக் குடித்து முடிக்கும் வரை மனிதரோ வண்டியோ கோயில் எல்லையைவிட்டு நகரக் கூடாது. முடிந்தபின் எஞ்சிய துண்டை எலுமிச்சம் பழத்தோடு சேர்த்து வண்டியின் முகப்பில் கட்டிவிடுவார்கள். அதன்பின் அந்த வண்டிக்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் தொல்லை வராது என்பது நம்பிக்கை.

மாமா என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, செவ்வாய்ப்பேட்டைல போயி சாமிக்கு ஒரு கட்டு சுருட்டு வாங்கியாந்துரு. நல்லதாப் பாத்து வாங்கு. முதல் வண்டி" என்றார். இந்தச் சொற்களை அருள்கூர்ந்து குறித்துக்கொள்ளுங்கள், சாட்சி அவர்களே. நல்லதாக வாங்கச் சொன்னவர் அவர்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாக்கும் புகையிலையும் விற்கும் பாயின் மண்டி, ஆட்டோ நுழைந்தால் ஆள் நுழைய முடியாத ஒரு சந்தில் இருந்தது. மஞ்சள் மூட்டையின் நெடியைக் கடந்தால் பாக்கின் நெடி. அதைக் கடந்தால் பாய்.

"யாருக்குத் தம்பி சுருட்டு? உங்களுக்கா?"

"முனியப்பனுக்கு."

"அவரு நம்ம பழைய வாடிக்கையாச்சே!" என்று பாய் மலர்ந்து, வழக்கமான சுருட்டுக் கட்டை எடுத்துப் போட்டார். ஒல்லியாய், வெடித்து, காம்பு நீட்டிக்கொண்டிருந்த சுருட்டுகள். பாதி காற்று, மீதி சருகு. நான் முகம் சுளித்ததைக் கண்டு, பரணிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். திறந்ததும் வந்தது பாருங்கள் அந்த மணம்! கட்டைவிரல் தடிமனில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கிக்கொண்டு, இலை ஓரிடத்தில்கூடப் பிரியாமல் இறுக்கமாகச் சுற்றிய சுருட்டுகள்.

"ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்காரருக்குன்னு வரவழைச்சது. டாக்டரு வேணாம்னுட்டாராம். இது வெல கூட, தம்பி."

என் வாழ்வில் அதுவரை நான் பேரம் பேசியதில்லை; சொற்பொழிவு மட்டுமே ஆற்றியிருந்தேன். ஆகவே சொற்பொழிவே ஆற்றினேன். "பெரியோரே! முதலாவதாக, வாங்குவாரின்றிப் பரணில் உறங்கும் பொருளுக்கு விலை என்பதே ஒரு கற்பனை" என்று எடுத்து, சந்தில் போவோர் நின்று பார்க்கும்படி அதை விரித்து, "இரண்டாவதாக" என்று ஆள்காட்டி விரலை உயர்த்தினேன். பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, தொழுகைக்கு நேரமாச்சு. ஒல்லிச் சுருட்டு வெலைக்கே அதை எடுத்துக்கங்க. மூணாவது பாயிண்டை இன்னொரு நாளைக்கு வந்து சொல்லுங்க."

என் நாவன்மை ஒரு வணிகரைத் தலைகுனிய வைத்த முதல் நிகழ்ச்சி அது. அவர் செருப்பைத் தேடுவதற்காகத்தான் குனிந்தார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

பூசை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். மாலை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி கோயில் எல்லையைத் தாண்டியாக வேண்டும். ராகுகாலம் கழிகையில் பொழுது இறங்கிவிடும். விளக்கு வைத்தபின் புதுவண்டியை முதல் பயணம் அனுப்ப மாட்டார்கள். மறுநாள் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி. ஆகவே ஞாயிறு தவறினால் வேலையும் தவறும். ஆனால் யாருக்கும் கவலை இல்லை. வழக்கமான சுருட்டு, பொங்கலை இலையில் வைப்பதற்குள் வாணத்தின் திரிபோல் எரிந்து முடிந்துவிடும்.

பூசாரி என் சுருட்டை வாங்கி முகர்ந்தார். அவர் முகத்தில் ஒரு பக்தி படர்ந்தது. "ஏனுங்க தம்பி, எங்க புடிச்சீங்க இத? சாமி இதுவரைக்கும் இப்பேர்ப்பட்ட சரக்கு பாத்ததே இல்லைங்க" என்றார். நான் அடக்கமாகப் புன்னகைத்தேன். சுருட்டைப் பற்றவைத்துச் சொருகி, சாம்பலை ஏந்துவதற்குப் பித்தளைத் தாம்பாளத்தை நீட்டியபடி அவர் நின்றார். நீல நிறத்தில் ஒரு புகை, அவசரமே இல்லாமல் மேலே ஏறியது.

பொங்கல் இலைக்கு வந்தது. சுருட்டு நகம் அளவுகூட எரியவில்லை. கறிக்குழம்பு வந்தது. நகம் அளவு எரிந்தது. பந்தி எழுந்து, கை கழுவி, வெற்றிலை போட்டு, மாமாவின் சம்பந்தி ஒருவர் வேப்பமரத்தடியில் குறட்டையும் விடத் தொடங்கினார். சுருட்டு கால் பங்கு ஆகியிருந்தது. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்து உறும விட்டிருந்தார். முனியப்பன் உருட்டி விழித்த கண்களோடு, வாய்க்கடையில் புகை கசிய, ஓய்வுபெற்ற தாசில்தாரைப் போல நிம்மதியாக அமர்ந்திருந்தார்.

மாமாவின் கைப்பேசி அடித்தது. ஏஜெண்டு. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"கெளம்பியாச்சுங்களா?"

"கெளம்பிட்டே இருக்கறமுங்க. இங்க ஒரு பெரியவரு சுருட்டுக் குடிச்சுட்டு இருக்காருங்க. முடிச்சதும் வந்தர்றோம்."

"அட, அவரையும் வண்டில ஏத்திக்கிட்டு வாங்கப்பா. வர்ற வழியில குடிச்சுக்கட்டும்!"

மாமா கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறருடைய வண்டிக்கு அடியில் மறுபடியும் பாய் விரிக்கப் போகிறவருடைய பார்வை அது. அதற்குக் கோபமே எவ்வளவோ மேல்.

ஆளுக்கொரு யோசனை கிளம்பிற்று. "அணைச்சுட்டு மிச்சத்த பொறவு குடிக்கச் சொல்லுங்க" என்றார் அத்தை. "ஊட்டு ஆம்பளைங்க பாதி சுருட்டக் காதுல சொருகிட்டு வேலைக்குப் போறதில்லையா? சாமி காதுலயும் சொருகிப்போடுங்க."

"சாமி என்ன உங்கூட்டு ஆம்பளைங்களா?" என்று பூசாரி சீறினார். "அவரு நெனச்சு நெனச்சு இழுக்கறாரு. ஊதப்படாது, விசிறப்படாது, புடுங்கப்படாது. குடிச்சு முடிக்கோணும்."

"கம்ப்ரசர்ல இருந்து லேசா ஒரு காத்து விட்டா..." என்று டிரைவர் ஆரம்பித்தார். பாறையைத் தூளாக்கி முந்நூறு அடி ஆழத்திலிருந்து வெளியே துப்பும் காற்று அது.

"மீசையே பறந்து திருச்சிக்குப் போயிரும்டா!" என்றார் மாமா.

இந்த நிலையில்தான் நான் எழுந்தேன். கற்றவன் ஒருவன் இருக்க ஒரு சிக்கல் தீராமல் கிடப்பதா? சாமியிடம் சுருட்டை விரைந்து முடிக்குமாறு பக்தன் விண்ணப்பிக்கலாமா, கூடாதா, இதுவே பொருள். கூடும் என்ற அணியில் நான். மேடையின்றிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே பீடத்தின் மேற்படியில் ஏறி, முனியப்பனின் முழங்காலருகே, அவர் முகத்துக்கு என் முகம் சமமாக, பாதி சாமியையும் பாதி கூட்டத்தையும் பார்க்கும்படி இடம் பிடித்தேன்.

"பேரன்புடைய பெருமக்களே! பக்தி என்பது பணிவு. பணிவு என்பது பேசாமை அன்று!" என்று தொடங்கினேன். கூட்டம் சட்டென்று அடங்கியது. குறட்டை விட்ட சம்பந்திகூட எழுந்து உட்கார்ந்தார். எத்தனையோ அவைகளைக் கண்டவன் நான். அப்படி ஓர் ஒருமுகமான பார்வையைக் கண்டதில்லை. நான் ஒவ்வொரு தொடரையும் அழுத்தி முடிக்கும்போது அவர்களுடைய முகங்கள் ஒருசேர மலர்ந்து ஒளிர்ந்தன. ஒரு கருத்து நெஞ்சில் இறங்கும்போது முகம் ஒளிர்வது இயல்புதான் என்று எண்ணினேன். பிறகு, எங்கள் துறையில் எல்லோரும் செய்வதுபோல, உச்சத்தில் ஒரு மௌனம் விட்டேன்.

"நிறுத்தாதீங்க!" என்று கூட்டம் ஒரே குரலில் கதறியது.

என் கண்கள் பனித்தன. எந்தப் போட்டியில் கிடைத்தது இந்த வரவேற்பு? மேலும் இரு தொடர் பேசினேன். மறுபடி மௌனம். "அய்யோ, பேசு சாமி, பேசு!" என்று அத்தை மார்பில் கைவைத்தார். என் பேச்சை ஒருபோதும் உட்கார்ந்து கேட்டறியாத அத்தை. நிறைவோடு, என் வாதத்தை முடித்துத் தலை தாழ்த்தி வணங்கினேன்.

பூசாரி தாம்பாளத்தோடு என் காதருகே குனிந்தார். "இன்னும் பாதி கெடக்குதுங்க. நீங்க பேசப் பேசக் கங்கு நல்லாப் புடிக்குது. மூஞ்சிய மட்டும் சித்த இந்தப் பக்கமாத் திருப்பிக்கங்க."

திரும்பிப் பார்த்தேன். என்னிடமிருந்து ஒரு முழத் தொலைவில், என் மூச்சுக்காற்றின் வழியில், சுருட்டு செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. அவர்கள் முகங்களை ஒளிரச் செய்தது அதுதான்.

"ஊதக்கூடாது என்றீர்களே?" என்றேன்.

"ஊதறதுதானுங்க கூடாது. பேசறத வேண்டாம்னு ஆருஞ் சொல்லலீங்களே!"

வாசகரே, ஒரு பேச்சாளனுக்கு இதைவிடக் கொடிய பாராட்டு உண்டா? இறங்கிவிடலாம் என்று ஒரு கால் எடுத்தேன். மாமா கீழே நின்றிருந்தார். கையைக் கூப்பவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சட்டைப்பையில் இருந்த கைப்பேசியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மாப்ள" என்று மட்டும் சொன்னார். எடுத்த காலைத் திரும்பப் படியில் வைத்தேன்.

கூடும் என்ற அணியில் பேசி முடித்தாயிற்று. கூடாது என்ற அணியிலும் பேசினேன். அதன்பின் பொருள் தீர்ந்தது. சுருட்டு தீரவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கான வரவேற்புரையைச் சொன்னேன். கல்லூரி நாள் விழாவின் நன்றியுரையைச் சொன்னேன். ஒலிபெருக்கி, பந்தல், தேநீர் வழங்கியோர் எல்லாருக்கும் முனியப்பன் முன்னிலையில் நன்றி தெரிவிக்கப்பட்டது. சாலைப் பாதுகாப்பைப் பற்றி முழங்கியபோது டிரைவர் வெட்கத்துடன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கூட்டமோ, இதற்குள் தேர்ந்த நடுவர்களாக மாறிவிட்டது.

"வரவேற்புரை செரியா எரியலீங்க."

"அந்த ரோட்டுப் பேச்சு தேவலை. நல்ல காத்து."

"மாப்ள, வேற எதாச்சும் வேகமா எரியறது இருக்குதா?" என்றார் மாமா, மணியைப் பார்த்துக்கொண்டே.

இருந்தது. மாநில அளவில் எனக்கு முதற்பரிசு வாங்கித் தந்த பேச்சு. புகையிலை ஒழிப்பைப் பற்றியது. நான் தயங்கினேன். சாமிக்கு நேராக நின்று, அவர் வாயில் சுருட்டோடு இருக்கையில், அதைச் சொல்வது முறையா என்று பூசாரியை மெல்லக் கேட்டேன். பூசாரி சுருட்டைப் பார்த்தார், பொழுதைப் பார்த்தார். "சாமி காதுல வாங்கிட்டேதான் குடிப்பாருங்க. ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. நீங்க பேசுங்க."

"புகைப்பவனே! புதைகுழிக்கு நீயே பாதை போடுகிறாய்! பாழாய்ப் போவது பணமா? படுக்கையில் வீழ்வது பிணமா?" என்று முனியப்பனின் முகத்துக்கு நேராக நான் முழங்கினேன். அப்பப்பா! அந்தப் பேச்சைப் போல் எரிந்த பேச்சு வேறில்லை. ஒவ்வொரு அடிக்கும் கங்கு ஒரு சுற்று முன்னேறியது. நுரையீரலைப் பற்றிய பத்தியில் சாம்பல் நீண்டு வளைந்தது. இளம் விதவைகளைப் பற்றிய பத்தியில் அத்தை அழுதார். அது கருத்துக்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன். "விட்டொழி! இன்றே விட்டொழி! இக்கணமே விட்டொழி!" என்று நான் கையை ஓங்கிய கணத்தில், சாம்பல் உதிர்ந்து தாம்பாளத்தில் விழுந்தது.

"சாமி குடிச்சு முடிச்சுட்டாரு!" என்று பூசாரி கூவினார்.

துண்டும் எலுமிச்சையும் முகப்பில் ஏறின. ஹாரன் அலறியது. மாமா ஏறும் வேகத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டார். அதை யாரோ ஜன்னல் வழியாக எறிந்தார்கள். ராகுகாலம் பிறக்கையில் வண்டியின் பின்விளக்கு கோயில் எல்லைக்கு அப்பால் சிவப்பாய்த் தெரிந்தது. அந்த வேலையும் கிடைத்தது. அதற்கடுத்த வேலைகளும் கிடைத்தன. மாமா பிறகு யாருடைய வண்டிக்கடியிலும் படுக்கவில்லை, தம்முடையதைத் தவிர.

அதெல்லாம் நேற்றுப்போல் இருக்கிறது. ஆனால் அந்த இடங்களில் இன்று நேற்றின் தடயம் இல்லை. பாயின் மண்டி இருந்த சந்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். மூன்றாவது பாயிண்டைக் கேட்க அவரும் இல்லை. பட்டிமன்ற அமைப்பாளர்கள் ஒரு நிமிடக் காணொளி கேட்கிறார்கள். ஒரு நிமிடத்தில் பீடிகூட எரியாது. முனியப்பனுக்குத் தகரக் கொட்டகை வந்து, அதில் மின்விசிறி சுற்றுகிறது; விசிறக் கூடாது என்ற சட்டம் எப்போது தளர்ந்தது என்று கேட்டால், "அது பக்தருங்களுக்குப் போட்டதுங்க" என்கிறார் இப்போதைய பூசாரி. பந்தியில் காத்திருக்க ஆளில்லை, கறிக்குழம்பு பொட்டலமாகிவிட்டது. வெடித்துக் காம்பு நீட்டிய அந்த ஒல்லிச் சுருட்டு, அதுதான் அடியோடு மறைந்துவிட்டது. சேலத்திலும் ராசிபுரத்திலும் கடைகடையாய்க் கேட்டுவிட்டேன். எங்கே போனாலும் தரமான சரக்கையே எடுத்துக் காட்டி என்னை அச்சுறுத்துகிறார்கள். மாமாவோ இரண்டாவது வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

இந்த வயதில் நான் ஏன் மட்டமான சுருட்டைத் தேடி வெயிலில் அலைகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அன்று வண்டி கண்ணுக்கு மறைந்தபின், தொண்டை கட்டி, கண் எரிந்து, மீசைவரை புகை படிந்து, நான் இன்னும் அந்தப் படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். செந்தமிழ் அனைத்தும் செலவாகிவிட்டிருந்தது. எஞ்சியிருந்த வீட்டுப் பேச்சைக் கொண்டு, கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, முனியப்பனுக்கு நேராகக் கும்பிட்டு உரக்க நேர்ந்துகொண்டேன்:

"சாமி, அடுத்த வண்டிக்கு, என்ன வெல சொன்னாலுஞ் செரி, இருக்கறதுலயே மட்டமான சுருட்டாப் பாத்து வாங்கியாறேனுங்க!"